சலேஹாவின் நாற்பது நாற்காலிகள்

முதலில் நாற்காலிகளைக் கலைக்க வேண்டும். பொதுக்கூடத்துக் காவலாளி நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஏதோ அமைச்சர் வந்து பேசப்போவதுபோல, வரிசை பிசகாமல் மேடையைப் பார்க்கப் போட்டு வைத்திருப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சலேஹா வந்து அவற்றை இழுத்து இழுத்து வட்டமாக்குவார். ஆறு வருடமாக அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார், காவலாளியும் தலையாட்டிப் பார்த்துவிட்டார். நாற்காலிகள் மட்டும் திருந்தவில்லை.

வட்டத்தில் நான்கு இடங்களில் நாற்காலி இருக்காது. அங்கே தரையில் மஞ்சள் நாடா ஒட்டிச் சதுரம் போட்டிருக்கிறார். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான இடம். மலேசியாவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் சலேஹா. அங்கே இயந்திரம் நிற்கும் இடம், ஆள் நிற்கும் இடம், குப்பைத்தொட்டி நிற்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் தரையில் மஞ்சள் கோடு உண்டு. கோடு போட்டால் மனிதர்கள் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான். இங்கே முதல் மாதமே ஒரு சதுரத்தில் யாரோ குடையை வைத்தார்கள். இன்னொன்றில் ஓர் அம்மாள் மீன் வாங்கிய பையை இறக்கினார். சலேஹா இரண்டையும் எடுத்து அவரவர் மடியில் வைத்தார்.

"கோட்டுக்குள்ள சாமான் வெக்கக் கூடாது லா. இது பார்க்கிங் இல்ல, ஆளோட எடம்."

அறுபத்தொரு வயது. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. யாரைப் பார்த்தாலும் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். புதிதாக வருபவர்களுக்கு அது சந்தேகப் பார்வையாகத் தெரியும். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி மின்னணுச் சில்லில் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து பார்த்த கண் அது. பிறகு லைன் லீடராகி இருபத்தெட்டுப் பெண்களைக் கட்டி மேய்த்தபோதும் பழக்கம் போகவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும், கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிவிட்டு, "இன்னிக்கி யீல்டு எவ்வளவு தெரியுமா?" என்று கேட்பார். நூறு சில்லில் எத்தனை தேறியது என்பதற்குத் தொழிற்சாலையில் அந்தப் பேர்.

"நாப்பது நாக்காலி, பதினோரு ஆளு. இருபத்தேழு பர்சன்ட். எங்க மேனேஜரா இருந்தா லைனையே மூடிருப்பான்."

ஜெலுத்தோங் பக்கம் பதினேழு மாடி அடுக்குவீடு. அதன் கீழ்த்தளத்தில் இந்தக் கூடம். எல்லாரும் டேவான் என்பார்கள். கூட்டத்துக்குப் பெயர் 'வாங்க பேசலாம்'. உடலாலோ அறிவாலோ குறை உள்ளவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களும், ஒதுக்கி வைத்த அதே ஊரும், ஒரே வட்டத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

இது தொடங்கியது ஒரு லிஃப்டில். சலேஹாவின் தம்பி இத்ரீஸுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவானவர். நன்றாக நடப்பார், தன் துணியைத் தானே துவைப்பார், மூன்று வேளையும் ரசித்துச் சாப்பிடுவார். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாக வரும், இரண்டு சொல்லுக்கு நடுவில் எதிராளி ஒரு வாய் தேநீர் குடித்துவிடலாம். கல்யாணமான எட்டாவது வருடமே சலேஹாவின் கணவர் காலமாகிவிட்டார், பிள்ளையும் இல்லை. தாயாரும் போன பிறகு ஒன்பதாம் மாடியில் அக்காவும் தம்பியும்தான்.

ஒரு நாள் லிஃப்ட் திறந்தது. உள்ளே சலேஹாவோடு இத்ரீஸ் நிற்பதைப் பார்த்த ஒரு குடும்பம், "பரவால்ல, நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று பின்வாங்கியது. லிஃப்டில் எட்டுப் பேருக்கு இடம் இருந்தது. சலேஹா பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலைப் புத்தி, எண்ண ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் பத்தொன்பது 'பரவால்ல'. இருபதாவதுக்குக் காத்திருக்காமல் குடியிருப்போர் சங்கத்துக்குப் போய், மாதம் ஒரு ஞாயிறு டேவானைக் கேட்டு வாங்கினார்.

வட்டத்துக்குச் சட்டங்கள் உண்டு. படம் எடுக்கக் கூடாது. யாரைப் பற்றிப் பேச்சோ அவர் இருக்கும்போது அவரைத்தான் கேட்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரைக் கேட்கக் கூடாது. சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவரிடம் "இவங்களுக்கு டீ குடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால் சலேஹாவின் இடது கண் சுருங்கும். "வாய் அவங்ககிட்ட இருக்கு. அவங்களக் கேளு."

இன்னொரு சட்டம்: 'பாவம்' என்ற சொல்லுக்குத் தடை. சொன்னவர் எழுந்து கூஜாவை எடுத்து வட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தமிழர் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்குவது லேசான காரியமா? சங்கச் செயலாளர் ஹைதர் ஒரே கூட்டத்தில் நான்கு தடவை எழுந்திருக்கிறார். அன்றைக்கு எல்லாருக்கும் வயிறு ரொம்பிவிட்டது.

கடைசிச் சட்டம்தான் கொஞ்சம் கடுமையானது. "இங்க யாரும் ஒதவி கேக்குறதும் இல்ல, ஒதவி குடுக்குறதும் இல்ல. பேசுறது மட்டும்." அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் வருடம் ஒரு சங்கத்தார் அரிசி, மைலோ, பிஸ்கட் எல்லாம் கட்டிய கூடைகளோடு வந்தார்கள். பொன்னாடை வேறு. அன்றைக்கு அறுபது பேர் கூட்டம். ஓர் அம்மா தன் மகனை இன்னொரு அம்மாவின் மகனுக்கு முன்னால் தள்ளி நிறுத்தி, "என் புள்ளைக்குத்தான் ரொம்ப முடியல, இவன மொதல்ல பாருங்க" என்றார். பேசுவதற்கு வந்த பையன்களை யாருக்கு அதிகம் முடியவில்லை என்ற போட்டியில் நிறுத்தியாகிவிட்டது. அடுத்த மாதம் கூடை வரவில்லை. ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் சலேஹாவும் இத்ரீஸும். அன்று போட்ட சட்டம் அது.

ஆறு வருடம் பேசி என்ன கண்டீர்கள் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம்கூட வருவதில்லை. "சக்கர நாக்காலி ஏற ஒரு ரேம்ப் போட்டாங்க. பி புளோக்குல. அதுல மோட்டர் சைக்கிள்தான் ஏறுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "லிஃப்டுல இப்ப எல்லாரும் எங்ககூட ஏறுறாங்க. ஏறி ஃபோனப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்பார். அலுத்துவிட்டது என்பதுதான் உண்மை. நாற்காலி இழுத்து இடுப்பு வலி. ஒரே விஷயத்தை எழுபது கூட்டத்தில் எழுபது விதமாகச் சொல்லித் தொண்டை வலி. வந்தவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தலையாட்டுவதில் இந்த அடுக்குவீட்டாரை யாரும் மிஞ்ச முடியாது.

விடாமல் வருபவர்கள் என்று சொன்னால் இரண்டு பேர். ஒருவர் பக்கிரிசாமி, அதே ஒன்பதாம் மாடியில் நான்கு கதவு தள்ளிக் குடியிருப்பவர். பிறை என்ற ஊரில் லாரி ஓட்டியவர், சர்க்கரை வியாதி இடது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. மனைவி இல்லை, பிள்ளைகள் கோலாலம்பூரில். முன்பெல்லாம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படிகளில் காவடியோடு ஏறியவர், இப்போது அடிவாரத் தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றுகிறார். கூட்டத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்றால், "இங்க ஃபேன் நல்லா ஓடுது" என்பார். முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

இன்னொருவர் ஷாஹிரா, அவரும் அதே மாடிதான். முப்பத்து மூன்று வயது. தொழிற்சாலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது விபத்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்பதாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை பொறுமை மிச்சம் இருப்பதில்லை. சலேஹாவை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் அவர்தான். சலேஹாவுக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும், வெளியே சொல்லமாட்டார்.

இத்ரீஸுக்கும் வட்டத்தில் ஒரு வேலை உண்டு. யாரும் கொடுத்ததல்ல, அவரே எடுத்துக்கொண்டது. டேவான் வாசலில் எல்லாரும் கழற்றிப் போடும் செருப்புகளை ஜோடி சேர்த்து, திரும்பிப் போகும்போது காலை விட்டால் போதும் என்பதுபோல வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பார். பக்கிரிசாமியின் ஒற்றைச் செருப்பை மட்டும் தன் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைப்பார். அது முடிந்ததும் அக்காவுக்கு வலதுபக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். யாராவது "என்ன இத்ரீஸ், சாப்டியா?" என்றால் அவர் வாயைத் திறப்பதற்குள் சலேஹா, "சாப்டான், சாப்டான்" என்பார். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கான்." எழுபது கூட்டம் இப்படியே நடந்திருக்கிறது. அவரைத்தான் கேட்க வேண்டும் என்ற சட்டத்தை எழுதியவருக்கே இது தெரியவில்லை. தெரியாதது ஆச்சரியமும் இல்லை, ஐம்பது வருடமாகத் தம்பிக்காகப் பேசிப் பழகிய வாய்.

நோன்பு மாதத்திலிருந்து சலேஹாவுக்கு வயிற்றில் வலி. பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள், இரண்டையும் தள்ளிப்போட்டார். இத்ரீஸை எங்கே விடுவது? நிபோங் தெபாலில் இருக்கும் சித்தி மகள், "வீட்ல புள்ளைங்க இருக்கு அக்கா, பயந்துக்கும்" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டாள். மூன்றாவது தேதி கொடுத்த டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார், இனித் தள்ளினால் கல் நகர்ந்து ஆபத்தாகிவிடும் என்று. இந்தச் செவ்வாய்க்கிழமை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில்.

பிறைப் பக்கம் ஒரு காப்பகம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் சலேஹாவுக்கு டெங்கி வந்தபோது இத்ரீஸ் அங்கே ஆறு நாள் இருந்தார். நல்ல இடம். சுத்தமான படுக்கை, வேளாவேளைக்குச் சாப்பாடு. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆறாம் நாள் திரும்பி வந்தவர் ஒரு மாதம் பேசவில்லை. அவருக்கு இருப்பதே கொஞ்சம் சொற்கள், அதையும் எங்கோ போட்டுவிட்டு வந்ததுபோல இருந்தார். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் சலேஹாவுக்குக் கல்லைவிட அதுதான் வலிக்கும்.

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அதே காப்பகத்தில் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை இத்ரீஸின் பையைக் கட்டினார். சற்றுநேரம் கழித்துப் பார்த்தால் சட்டைகள் எல்லாம் மடித்தபடியே அலமாரிக்குத் திரும்பியிருந்தன. சனிக்கிழமை காலை மறுபடி கட்டினார், மறுபடி அலமாரி. மாலையில் மூன்றாவது முறை. இத்ரீஸ் அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொரு சட்டையாக எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டிருந்தார். சலேஹா கட்டிலில் உட்கார்ந்து, "என்னை என்னதான் செய்யச் சொல்றே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுக்குவீட்டில் ஒருவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அது கேட்பதாகிவிடும். கேட்கக் கூடாது என்று நாற்பது நாற்காலிகளுக்கு நடுவில் நின்று சட்டம் போட்டவர், வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்ட முடியுமா? கேட்டு, அவர்கள் 'பரவால்ல' என்று பின்வாங்கிவிட்டால்? ஆறு வருட உழைப்பின் யீல்டு என்ன என்று தெரிந்துபோகும். அந்தக் கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. பதிமூன்று பேர். அன்றைய பேச்சு 'பக்கத்து வீடு', மூன்று மாதத்துக்கு முன்பே முடிவு செய்த தலைப்பு. சலேஹாவே அதை மாற்றிவிடலாமா என்று யோசித்து, மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டார்.

ஹைதர் முதலில் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு எல்லாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அதுதான் நம் மலேசியாவின் பெருமை என்று, மேடையில் பேசுகிறவர்போல ஐந்து நிமிடம். எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கிரிசாமி கொட்டாவி விட்டார். பிறகு ஷாஹிராவின் முறை.

"நான் ஒண்ணும் சொல்ல வரல. ஒரு ஆளக் கேக்கணும்," என்று சக்கர நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினார். "இத்ரீஸ் அண்ணே, ரெண்டு நாளா நீங்க சரியில்ல. இன்னிக்கி செருப்பக்கூட அடுக்கல. என்னாச்சு?"

வட்டம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. செருப்புகள் கழற்றிய இடத்தில் கழற்றியபடி, கோணலும் மாணலுமாகக் கிடந்தன. பதிமூன்று பேர் வந்திருந்தும் ஷாஹிராவைத் தவிர யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

இத்ரீஸ் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் சலேஹா. "ராத்திரி சரியா தூங்கல. அவனுக்கு என்ன தெரியும், பாவம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த கூஜாவை எல்லாரும் பார்த்தார்கள். ஹைதர்தான், நான்கு முறை எழுந்த அனுபவசாலி, தயங்கித் தயங்கி, "அக்கா... சட்டம் சட்டம்தானே" என்றார்.

சலேஹா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. வலது கையில் கூஜா, இடது கையில் காகிதக் கோப்பைகள். வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். இத்ரீஸின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"இப்ப சொல்லுங்கண்ணே," என்றார் ஷாஹிரா.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான். முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை. யாரோ இடையில் புகுந்து சொல்லை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்கள், ஷாஹிரா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா," என்றார் இத்ரீஸ். மூன்றாவது கோப்பை. "வயிறு." நான்காவது. "ஆஸ்பத்திரி. செவ்வா."

சலேஹாவின் கை நின்றது. திரும்பவில்லை. கோப்பையை நீட்டிக்கொண்டிருந்த பெண் அப்படியே நீட்டியபடி இருந்தாள்.

"இத்ரீஸ்... பிறை." தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினார். "வேணாம். பிறை வேணாம். அங்க... யாரும்..." சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. கையால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, அந்தக் கையை விரித்தார். அதில் ஒன்றும் இல்லை.

ஷாஹிராவின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "வேணாம்னா வேணாம்ணே. எங்க இருக்கணும்? உங்களுக்கு எங்க இருக்க இஷ்டம்?"

"ஒம்பதாவது மாடி."

"தனியாவா?"

இத்ரீஸ் வட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, அவசரமே இல்லாமல். ஹைதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்ரீஸின் பார்வை அவரைத் தாண்டிப் போனது. பக்கிரிசாமியிடம் வந்து நின்றது.

"அண்ணே," என்று கையை நீட்டினார்.

"என்னையா?" பக்கிரிசாமி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டார், யாரோ பிடுங்க வருவதுபோல. "டேய், நானே ஒரு காலோட கெடக்குறவன். இவன் கீழ விழுந்தா என்னால தூக்க முடியுமா? ஓடுனா புடிக்க முடியுமா?"

"அவர் எப்ப அங்கிள் ஓடுனாரு?" என்றார் ஷாஹிரா. "போன மாசம் நீங்கதான் பாத்ரூம்ல விழுந்தீங்க. யாரு வந்து கதவத் தட்டுனது?"

பக்கிரிசாமி இத்ரீஸைப் பார்த்தார். தட்டியவர் யாரென்று வட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சலேஹாவுக்குமே தெரியாது. அவர் காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரம். தட்டிய தம்பி அதைச் சொல்ல வந்திருப்பான், நாம்தான் பேசவிடாமல் முடித்துவைத்திருப்போம் என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

ஹைதர் எழுந்துவிட்டார். "அக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே! நம்ம சங்கத்துல ஒரு கமிட்டி போட்டு, ஆளுக்கொரு நாள்..."

"உக்காரு தம்பி," என்றார் பக்கிரிசாமி. "இங்க ஒதவி குடுக்கக் கூடாது, சட்டம் இருக்கு." பிறகு கூஜாவோடு நின்றுகொண்டிருந்த முதுகைப் பார்த்துச் சொன்னார், "தங்கச்சி, இது ஒதவி இல்ல. எனக்கும் டிவி பாக்க ஆள் வேணும். ஆனா எங்கூட்டுச் சட்டியில அவனுக்குச் சமைக்க மாட்டேன், அது உனக்கு ஒத்துக்காது. கீழ ஹலால் மாமா கடையில வாங்கிக்கிறோம். சரியா?"

சலேஹா திரும்பினார். கூஜாவைத் தரையில் வைத்தார், மஞ்சள் சதுரம் ஒன்றுக்குள்ளேயே. நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வந்தது வேறு. "அண்ணே, அவன் பத்தரைக்கு மேல முழிச்சிருக்கக் கூடாது. லைட்டு ஒண்ணு எரியணும், இல்லாட்டிப் பயப்படுவான். முட்டை மஞ்சக் கரு சாப்ட மாட்டான், எடுத்துடணும். காலையில..."

பக்கிரிசாமி கையை உயர்த்தினார். "நீ சொல்லாத. வந்து இருக்கப் போறவன் அவன். அவன் சொல்லட்டும்." ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு மருந்துச்சீட்டையும் எடுத்து, சீட்டின் பின்பக்கத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "காலையில என்னடா சாப்டுவே?"

இத்ரீஸ் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, மிகவும் பொறுப்பாக.

"ரொட்டி சானாய்," என்றார்.

"எழுதிட்டேன்."

"ரெண்டு."

வீட்டில் இந்தப் பரோட்டா ஒன்றுதான். அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் பாதிச் சீனியோடு, எடை ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து. சலேஹாவின் வாய் தானாகத் திறந்தது. இத்ரீஸ் சட்டென்று திரும்பி அக்காவைப் பார்த்தார்.

சலேஹா வலது உள்ளங்கையைத் தூக்கித் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

இத்ரீஸ் கொஞ்சநேரம் அந்தக் கையைப் பார்த்தார். அது இறங்கவில்லை. மறுபடி பக்கிரிசாமியின் பக்கம் திரும்பினார்.

"முட்டை... போட்டது," என்றார். "சீனி. நெறைய. டிவி... பன்னெண்டு மணி."

சலேஹா இன்னொரு கையையும் கொண்டுவந்து, முதல் கையின் மேல் வைத்துக்கொண்டார்.